ஓட்டுப் போட எந்த அட்டை செல்லும்? அமெரிக்க வாக்காளர் அடையாளச் சட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாசில் டாலஸ் பக்கம் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். குடியுரிமை வாங்கிய பிறகு ஒரு தேர்தலையும் விட்டதில்லை. இரண்டு முறை ஓட்டுச்சாவடியில் ஊழியராகவும் உட்கார்ந்திருக்கிறேன். தேர்தல் நெருங்கினால் ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்களும், இங்கே புதிதாகக் குடியுரிமை எடுத்த நண்பர்களும் அநேகமாக ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸப்பில் துண்டு துண்டாக எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஓட்டுப் போடப் போனால் அட்டை காட்டுவது சாதாரண விஷயம்தானே? அமெரிக்காவில் அதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் இதில் கேட்பதற்கே ஒன்றும் இல்லை. 1993ல் டி.என். சேஷன் புகைப்பட அட்டையைக் கொண்டுவந்தபோது, வாக்காளர்களுக்கு அட்டை கொடுக்காவிட்டால் தேர்தலே நடத்த மாட்டேன் என்று அரசுகளை நெருக்கினார். பள்ளிக்கூட வராண்டாவில் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். வந்த படத்தில் முகம் சரியாகத் தெரியாது, பெயரில் எழுத்துப் பிழை இருக்கும். ஆனாலும் அட்டை கொடுப்பது அரசாங்கத்தின் பொறுப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த அட்டை தொலைந்தாலும் பான் கார்டு, போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று ஒரு டஜன் மாற்று ஆவணங்கள் உண்டு.

அமெரிக்காவில் அப்படி ஒரு அட்டையே கிடையாது. தேசிய அடையாள அட்டை இல்லை, வீடு வீடாக வந்து பெயர் சேர்க்கும் ஆளும் இல்லை. தேர்தல் மாநிலங்களின் பொறுப்பு, அன்றாட வேலையைக் கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பார்க்கின்றன. பெரும்பாலோர் கையில் இருப்பது ஓட்டுநர் லைசென்ஸ்தான். வண்டி ஓட்டாத கிழவி, கார் இல்லாத நகரவாசி, வேறு மாநிலத்திலிருந்து படிக்க வந்த மாணவர் ஆகியோரிடம் அதுவும் இருக்காது. அட்டையைக் கொடுக்காமலே அட்டை எங்கே என்று அரசு கேட்கலாமா என்பதுதான் இங்கே விவகாரம். சண்டை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிடலாமா?

முடியாது. முதலில் பதிவு செய்ய வேண்டும். 2002ல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, பதிவு செய்யும்போது லைசென்ஸ் எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ தர வேண்டும். நான் குடிமகன் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது பொய்யானால் சிறை, குடிமகன் இல்லை என்றால் நாடுகடத்தலும் சேரும்.

சாவடியில் கேட்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 36 மாநிலங்கள் ஏதாவது ஒரு வகையில் அடையாளம் கேட்கின்றன. சிலவற்றில் புகைப்பட அட்டை கட்டாயம், சிலவற்றில் மின்கட்டண ரசீது போதும். மீதி மாநிலங்களில் பெயர், முகவரி சொல்லிக் கையெழுத்துப் போட்டால் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

மக்கள் என்ன நினைக்கிறார்கள்?

பெரும்பாலோர் அட்டை காட்டச் சொல்வது சரிதான் என்கிறார்கள். 2024 அக்டோபரில் கேலப் நிறுவனம் கேட்டபோது 84 சதவீதம் பேர் புகைப்பட அட்டையை ஆதரித்தார்கள். குடியரசுக் கட்சிக்காரர்களில் 98, எந்தக் கட்சியும் சாராதவர்களில் 84, ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 67 சதவீதம். பியூ ஆய்வு மையம் 2025ல் கேட்டபோதும் ஏறக்குறைய அதே கணக்குதான் வந்தது. கறுப்பினத்தவரிலேயே நான்கில் மூன்று பேர் ஆதரவு. ஆக, 'இது வெள்ளைக்காரர்களின் ஆசை' என்று தள்ளிவிட முடியாது.

அதே கேலப் கணிப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தேர்தல் நாளுக்கு முன்பே ஓட்டுப் போடும் வசதியை 76 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அட்டையும் கேளுங்கள், ஓட்டுப் போடுவதை எளிதாகவும் ஆக்குங்கள் என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று கட்சிகள்தான் பேசுகின்றன.

இவ்வளவு ஆதரவு இருந்தால் எல்லா மாநிலத்திலும் சட்டம் நிறைவேறியிருக்க வேண்டுமே?

நல்ல கேள்வி. மின்னசோட்டாவில் நடந்ததைப் பாருங்கள். 2011ல் அங்கே எடுத்த கணிப்பில் 80 சதவீதம் பேர் ஆதரவு என்றது. மறுவருடம் நவம்பரில் அரசியல் சட்டத் திருத்தமாக நேரடி வாக்கெடுப்புக்கு விட்டபோது கிடைத்தது சுமார் 46 சதவீதம்தான். இடைப்பட்ட மாதங்களில் என்ன நடந்தது? எந்த அட்டை செல்லும், கிராமத்தில் தபாலில் ஓட்டுப் போடுகிறவர் என்ன செய்வார், வெளிநாட்டில் இருக்கும் ராணுவ வீரர் என்ன செய்வார், செலவு யார் தலையில் விழும் என்றெல்லாம் பேச்சு வந்தது. விவரம் தெரியத் தெரிய ஆதரவு இறங்கியது.

மெய்ன் மாநிலத்தில் 2025 நவம்பரில் இதேபோல ஒரு கேள்வி வந்தது. அட்டை கேட்பதோடு தபால் ஓட்டுக்கான கட்டுப்பாடுகளையும் அதே பொட்டலத்தில் கட்டியிருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் வேண்டாம் என்றார்கள்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. விஸ்கான்சினில் 2025 ஏப்ரல் 1 அன்று புகைப்பட அட்டையை மாநில அரசியல் சட்டத்தில் சேர்க்க சுமார் 63 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அதே நாளில் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஜனநாயகக் கட்சி ஆதரித்த நீதிபதியைத் தேர்ந்தெடுத்ததும் அவர்கள்தான். இடதுசாரிப் பக்கம் சாய்ந்து ஓட்டுப் போட்டுவிட்டு, அதே மூச்சில் அட்டைக்கும் சரி சொன்னவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். நெவாடாவில் 2024ல் 73 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அந்த மாநில விதிப்படி அது இரண்டாவது முறையும் வாக்கெடுப்பில் ஜெயிக்க வேண்டும்.

கட்சிகள் ஏன் இப்படிப் பிரிந்து நிற்கின்றன? எப்போதுமே இப்படித்தானா?

இல்லை. 2005ல் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஜனநாயகக் கட்சிப் பக்கமும், முன்னாள் வெளியுறவுத்துறை அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் குடியரசுக் கட்சிப் பக்கமும் சேர்ந்து தலைமை தாங்கிய ஆணையம் புகைப்பட அட்டையைப் பரிந்துரைத்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: அட்டை இல்லாதவர்களை அரசே தேடிப்போய் இலவசமாகக் கொடுக்க வேண்டும், அதற்குச் சில வருடங்கள் அவகாசம் விட வேண்டும். சட்டம் போட்ட பல மாநிலங்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. எனக்கு மனம் ஆறாத இடம் இது.

2011ல் ரோட் ஐலண்டில் இப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றியது ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த சட்டமன்றம். ஆனால் அதே காலத்தில் குடியரசுக் கட்சி கையில் இருந்த பல மாநிலங்கள் கடுமையான சட்டங்களைக் கொண்டுவந்ததும், அட்டை என்றாலே கட்சிச் சாயம் ஒட்டிக்கொண்டது. குடியரசுக் கட்சியினர், தேர்தல் மீது நம்பிக்கை இருந்தால்தான் தோற்றவன் தோல்வியை ஒப்புக்கொள்வான், விமானம் ஏறக் கேட்பதை இங்கே கேட்டால் என்ன என்கிறார்கள். ஜனநாயகக் கட்சியினரோ, இல்லாத நோய்க்கு மருந்து கொடுக்கிறீர்கள், அந்த மருந்தால் சாவது ஏழைகளின் ஓட்டு என்கிறார்கள். இரண்டு வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் விமானம் ஏறுவது உரிமை அல்ல, ஓட்டு உரிமை. அந்த ஒப்பீட்டை மட்டும் நான் ஏற்பதில்லை.

கறுப்பினத் தலைவர்கள் இதைப் பழைய கொடுமையோடு ஏன் ஒப்பிடுகிறார்கள்?

தென் மாநிலங்களில் ஓட்டுப் போட வரி கட்ட வேண்டியிருந்த காலம் அவ்வளவு பழையதல்ல. கூட்டாட்சித் தேர்தல்களுக்கு 1964ல் 24ஆவது திருத்தம் அதை ஒழித்தது. மாநிலத் தேர்தல்களுக்கு 1966ல் உச்ச நீதிமன்றம் ஒழித்தது. அந்த வழக்கில் வர்ஜீனியா மாநிலம் வசூலித்த வரி ஒன்றரை டாலர். எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் கறுப்பினத்தவரை மட்டும் மடக்கும் கேள்விகளும் இருந்தன. காகிதத்தில் எல்லோருக்கும் பொதுவான விதி, நடைமுறையில் ஒரு கூட்டத்தை வெளியே நிறுத்தும் விதி. அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில், ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போய்ப் பாலத்தின் மேல் அடி வாங்கியவர்கள் 1965ல் பெற்றுத்தந்த வாக்குரிமைச் சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது. அந்தச் சட்டப்படி, டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுவதற்கு முன்பு மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் அந்த முன் அனுமதி ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்தது. நீதிமன்றம் தடுத்து வைத்திருந்த அட்டைச் சட்டத்தை அதே நாளிலேயே டெக்சாஸ் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாட்டி வரி கட்டிய ரசீதைப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

'எந்த அட்டை' என்பதில் அப்படி என்ன இருக்கிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. டெக்சாஸ் 2011ல் நிறைவேற்றிய சட்டத்தின்படி துப்பாக்கி வைத்திருக்கும் உரிம அட்டை செல்லும். அரசுப் பல்கலைக்கழகம் போட்டோவோடு கொடுத்த மாணவர் அட்டை செல்லாது. இரண்டையும் கொடுப்பது அரசு நிறுவனங்கள்தான். யார் கையில் எந்த அட்டை இருக்கும், அவர்கள் எந்தக் கட்சிக்குப் போடுவார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அன்று பட்டியலில் இருந்தவர்களில் ஆறு லட்சம் பேரிடம் செல்லுபடியாகும் அட்டை இல்லை என்று 2014ல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பில் கணக்குச் சொன்னார். பல மேல்முறையீடுகளுக்குப் பிறகு 2017ல் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

வட கரோலினாவில் 2013ல் நடந்தது இன்னும் மோசம். எந்த இனத்தவர் எந்த வசதியை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று தரவு கேட்டு வாங்கிவிட்டு, கறுப்பினத்தவர் அதிகம் பயன்படுத்தும் வசதிகளைப் பார்த்துப் பார்த்து வெட்டினார்கள். அறுவை சிகிச்சைபோலத் துல்லியமாகக் குறிவைத்திருக்கிறார்கள் என்று சொல்லி 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

கெட்ட எண்ணம் இல்லாத இடத்திலும் விதி தடுக்கிவிடும். இண்டியானா மாநிலத்தின் சட்டத்தை 2008 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு ஒரு வாரத்தில் அங்கே கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல். சவுத் பெண்ட் நகரில் ஒரு கன்னியர் மடத்திலேயே ஓட்டுச்சாவடி. எண்பது, தொண்ணூறு வயதுக் கன்னியாஸ்திரிகள் ஒரு டஜன் பேர் ஓட்டுப் போட வந்தார்கள். வண்டி ஓட்டுவதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகியிருந்ததால் செல்லுபடியாகும் அட்டை இல்லை. அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது அதே மடத்தைச் சேர்ந்த இன்னொரு சகோதரி. ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்கள், பெயரும் முகமும் தெரியும். ஆனாலும் விதி விதிதான்.

ஏழைகளுக்கு இலவச அட்டை கொடுக்கிறார்களே, அப்புறம் என்ன?

அட்டை இலவசம், அட்டைக்குத் தேவையான பிறப்புச் சான்றிதழ் இலவசம் இல்லை. டெக்சாசில் முதலில் அதற்கு 22 டாலர் கேட்டார்கள். கட்டணம் போகட்டும், அலுவலகம் எங்கே இருக்கிறது? மாநிலத்தில் 254 கவுண்டிகள். லைசென்ஸ் அலுவலகமே இல்லாத கவுண்டிகள் அன்று பல. சில கிராமத்துக்காரர்களுக்குப் போகவர 200 மைலுக்கு மேல் என்று 2012ல் வாஷிங்டன் நீதிமன்றம் எழுதியது. பேருந்து கிடையாது, அலுவலகம் வார நாட்களில் மட்டும் திறந்திருக்கும். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

கள்ள ஓட்டு நடக்கிறதா இல்லையா?

நடக்கிறது, ஆனால் அட்டை தடுக்கக்கூடிய விதத்தில் மிக அரிதாக. சாவடி அட்டை தடுப்பது ஒன்றே ஒன்றை: இன்னொருவர் பெயரைச் சொல்லி நேரில் வந்து ஓட்டுப் போடுவது. சட்டப் பேராசிரியர் ஜஸ்டின் லெவிட் 2000 முதல் 2014 வரை தேடியதில், நூறு கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளில் நம்பத்தகுந்த சம்பவங்கள் 31 கிடைத்தன. இண்டியானா வழக்கிலேயே, அந்த மாநில வரலாற்றில் அப்படி ஒன்று நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் குறிப்பிட்டது.

உண்மையான மோசடி தபால் ஓட்டில்தான் நடந்திருக்கிறது. 2018ல் வட கரோலினாவின் 9ஆவது தொகுதியில் குடியரசுக் கட்சி வேட்பாளருக்காக வேலை செய்த ஒரு ஏஜென்ட், ஆள் வைத்து வீடு வீடாகத் தபால் ஓட்டுகளைச் சேகரித்தார். வித்தியாசம் ஆயிரம் ஓட்டுக்கும் குறைவு. தேர்தலையே செல்லாது என்று அறிவித்து 2019ல் மறுதேர்தல் நடத்தினார்கள். சாவடியில் எத்தனை அட்டை கேட்டிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. தபால் ஓட்டில்தான் ஆபத்து அதிகம் என்று கார்ட்டர், பேக்கர் ஆணையமும் 2005லேயே எச்சரித்திருந்தது.

இந்தச் சட்டங்களால் வாக்குப்பதிவு குறைந்ததா?

மொத்தக் கணக்கில் பெரிதாகக் குறையவில்லை. 2008 முதல் 2018 வரையிலான தரவை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் கன்டோனியும் பான்ஸும் 2021ல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான அட்டைச் சட்டங்கள் பதிவையோ வாக்குப்பதிவையோ குறிப்பிடும்படி பாதிக்கவில்லை என்று கண்டார்கள். இனவாரியாகப் பார்த்தாலும் அப்படித்தான். மோசடி குறைந்ததற்கும் அடையாளம் இல்லை. நான் சாய்கிற பக்கத்து நண்பர்களுக்கு இந்த முடிவு பிடிப்பதில்லை. ஆனால் உண்மையை மறைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை.

சட்டம் கோபத்தைக் கிளப்பி அதிகம் பேரைச் சாவடிக்கு இழுக்கிறது என்பது ஒரு விளக்கம். அட்டை இல்லாதவர்களில் பலர் ஏற்கெனவே ஓட்டுப் போடாதவர்கள் என்பது இன்னொன்று. எப்படியிருந்தாலும் சதவீதம் மாறவில்லை என்பது திருப்பி அனுப்பப்பட்டவருக்கு ஆறுதல் ஆகாது. சாவடி மேசையில் நான் இருந்த ஒரு நாள், மாணவர் அட்டையோடு வந்த ஒரு பையனைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கதவை மூடும்வரை அவன் திரும்பி வரவில்லை.

வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுத்தால் குற்றமா?

ஜார்ஜியாவில் 2021ல் வந்த சட்டத்தைக் கேட்கிறீர்கள். சாவடிக் கட்டிடத்திலிருந்து 150 அடிக்குள் வாக்காளருக்கு யாரும் தண்ணீரோ தின்பண்டமோ கொடுக்கக்கூடாது. தேர்தல் ஊழியர்கள், தானே எடுத்துக் குடிக்கும்படி தண்ணீர் வைக்கலாம். அந்தச் சட்டத்தை எதிர்த்து பேஸ்பால் சங்கம் தன் ஆல் ஸ்டார் ஆட்டத்தை அட்லாண்டாவிலிருந்து டென்வருக்கு மாற்றியது. தபால் ஓட்டுக்கு அடையாள எண் கேட்டதுதான் அந்தச் சட்டத்தின் பெரிய மாற்றம், ஆனால் ஜனங்கள் மனத்தில் நின்றது தண்ணீர்தான். மறுவருடத் தேர்தலில் முன்கூட்டிய வாக்குப்பதிவு அங்கே நன்றாகவே இருந்தது.

குடியுரிமைச் சான்று கேட்கும் சட்டமும் இதுவும் ஒன்றா?

இல்லை, இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அட்டை என்பது 'நீ இன்னார்தானா' என்ற கேள்வி. குடியுரிமைச் சான்று என்பது 'உனக்கு உரிமையே இருக்கிறதா' என்ற கேள்வி. சாதாரண லைசென்ஸ் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாது. குடியுரிமை காட்டும் சிறப்பு லைசென்ஸ் ஐந்து மாநிலங்களில் மட்டும்தான். மீதிப்பேருக்குப் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைச் சான்றிதழ் இவைதான். அமெரிக்கர்களில் சுமார் பாதிப்பேரிடம் பாஸ்போர்ட் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிய பெண்களின் பிறப்புச் சான்றிதழில் பழைய பெயர்தான் இருக்கும்.

கான்சாஸ் இதைச் சோதித்துப் பார்த்தது. 2013 முதல் 2016 வரை அந்த விதியால் சுமார் 31,000 பேரின் பதிவு தடைபட்டது. விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவர். குடிமகன் அல்லாதவர்கள் எத்தனை பேர் பட்டியலில் நுழைந்தார்கள் என்று நீதிமன்றம் ஆராய்ந்தபோது 19 வருடத்தில் அதிகபட்சம் 39 என்று வந்தது. 2018ல் சட்டம் ரத்தானது. 39 பேரைத் தடுக்க 31,000 பேரை நிறுத்துவதை எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. நாடு முழுக்க இதே விதியைக் கொண்டுவரும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2025 ஏப்ரலில் 220-208 என்று நிறைவேற்றியது. மக்கள் கணிப்பில் இதற்கும் 83 சதவீத ஆதரவு இருப்பதையும் சொல்ல வேண்டும்.

நான் முறையாகக் குடியுரிமை வாங்கியவன். எனக்கு என்ன கவலை?

2019 ஜனவரியில் டெக்சாஸ் அரசு ஓர் அறிவிப்பு விட்டது: பட்டியலில் இருக்கும் சுமார் 95,000 பேர் குடிமக்கள் அல்லாதவர்களாக இருக்கலாம் என்று. டிவியில் அதுவே தலைப்புச் செய்தி. ஒரு வாரத்துக்குள்ளேயே அதில் 25,000 பேரைத் தப்பாகச் சேர்த்துவிட்டோம் என்று கவுண்டிகளுக்குத் தகவல் போனது. நடந்தது இதுதான்: கிரீன் கார்டில் இருந்தபோது லைசென்ஸ் எடுத்திருப்பார்கள், பிறகு குடியுரிமை வாங்கி ஓட்டுக்குப் பதிவு செய்திருப்பார்கள். லைசென்ஸ் அலுவலகக் கணினியில் மட்டும் அடுத்த புதுப்பிப்பு வரை பழைய நிலைதான் இருக்கும். நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் கதை அதுதானே? வழக்குப் போட்ட பிறகு ஏப்ரலில் அரசு அந்தப் பட்டியலைக் கைவிட்டது.

எனவே குடியுரிமை வாங்கியதும் லைசென்ஸ் அலுவலகத்துக்கும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் போய்ப் பதிவைத் திருத்திவிடுங்கள். கவுண்டியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால், ஏதோ விளம்பரம் என்று குப்பையில் போடாதீர்கள். பதில் அனுப்பாவிட்டால் பெயர் போய்விடும்.

என் பெயர் ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. பிரச்சினை வருமா?

தமிழர்களின் தலைவலி இது. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயருக்கான இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று போட்டுவிடுவார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அது அப்படியே லைசென்ஸில் ஏறிவிடும். குடியுரிமை வாங்கும்போது அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கிச் சரிசெய்வோம். பெண்களுக்கு அப்பா பெயர் ஒரு அட்டையில், கணவர் பெயர் இன்னொன்றில்.

டெக்சாசில் பெயர் ஏறக்குறைய ஒத்துப்போனால் போதும். ஒரே ஆள்தான் என்று உறுதி சொல்லிக் குறிப்பிட்ட கட்டத்தில் சுருக்கொப்பம் இட்டால் விட்டுவிடுவார்கள். இனிஷியல் மட்டும் வித்தியாசம் என்றால் பயம் இல்லை. எஃப்.என்.யு. வித்தியாசத்தை மட்டும் தேர்தலுக்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். மேசையில் உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கு அந்த மூன்றெழுத்து என்னவென்றே தெரியாது. நானே ஒருமுறை பக்கத்து மேசைக்குப் போய் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தியாவில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தமும் இதே சண்டைதானா?

நெருங்கிய சொந்தம். 2025ல் பீகாரில் தொடங்கியபோது கேட்ட 11 ஆவணங்களில் ஆதார் இல்லை, ரேஷன் கார்டு இல்லை, தேர்தல் ஆணையமே கொடுத்த வாக்காளர் அட்டையும் இல்லை. ஏழை வீட்டில் இருப்பது அந்த மூன்றும்தான். செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஆதாரைப் பன்னிரண்டாவதாகச் சேர்க்கச் சொன்னது. நவம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தபோது திமுக எதிர்த்தது, அதிமுக ஆதரித்தது. பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை, எந்தக் காகிதம் செல்லும் என்பதில்தான் அங்கேயும் வழக்கு.

சரி, நீங்கள் எந்தப் பக்கம்?

அட்டை கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தேர்தல் மீது நம்பிக்கை வர அது உதவும் என்றால் அட்டை காட்ட எனக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் கேட்கிற அரசு முதலில் கொடுக்க வேண்டும். இலவசமாக, வீட்டுக்குப் பக்கத்தில், தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பே கொடுக்க வேண்டும். மாணவர் அட்டை, முதியோர் அட்டை, பழங்குடி அட்டை என்று அரசு கொடுத்த போட்டோ அட்டை எல்லாம் செல்ல வேண்டும். இதற்குப் பணம் ஒதுக்காமல் அட்டை மட்டும் கட்டாயம் என்று ஒரு மசோதா வந்தால், எந்தக் கட்சி கொண்டுவந்தாலும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன்.

டெக்சாசில் சாவடிக்கு என்ன எடுத்துப்போக வேண்டும்? வயதான அம்மா அப்பாவுக்கு?

முதலில் ஒன்று: பதிவு செய்ததும் கவுண்டி தபாலில் அனுப்பும் பதிவுச் சான்றிதழை நம் ஊர் வாக்காளர் அட்டை மாதிரி நினைத்துவிடாதீர்கள். அதில் போட்டோ கிடையாது, அதை மட்டும் நீட்டினால் போதாது. டெக்சாஸ் லைசென்ஸ், மாநில அடையாள அட்டை, தேர்தலுக்கென்றே கொடுக்கும் இலவச அட்டை, துப்பாக்கி உரிமம், ராணுவ அட்டை, அமெரிக்கப் பாஸ்போர்ட், போட்டோ உள்ள குடியுரிமைச் சான்றிதழ் இந்த ஏழில் ஒன்று வேண்டும். எதுவுமே வாங்க முடியாத சூழ்நிலை என்றால் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு, மின்கட்டண ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் போன்ற ஒன்றைக் காட்டலாம். அட்டை இருந்தும் வீட்டில் மறந்துவிட்டால் தற்காலிக வாக்குச்சீட்டு கேளுங்கள். ஆறு நாளுக்குள் கவுண்டி அலுவலகத்தில் அட்டையைக் காட்டினால் அது எண்ணப்படும்.

காலாவதி ஆன அட்டை 70 வயதுக்குக் கீழே நான்கு வருடம் வரை செல்லும். 70 வயது ஆகிவிட்டால் எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் செல்லும். இதைப் பலர் அறிவதில்லை, சில ஊழியர்களும் அறிவதில்லை. 2024ல் என் அம்மாவை நூலகத்தில் இருந்த சாவடிக்குக் கூட்டிப்போனேன். வண்டி ஓட்டுவதை அவர் நிறுத்தி ஆறு வருடம். ஜிப் வைத்த சின்னப் பர்ஸிலிருந்து பழைய லைசென்ஸை எடுத்து நீட்டினார். மேசையில் இருந்த பெண் தேதியைப் பார்த்துவிட்டு, இது செல்லாது என்று தலையை ஆட்டினாள். அம்மா அட்டையைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பாரும்மா, நான்தானே இது" என்று தமிழிலேயே கேட்டார். நான் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். அவர் லேமினேட் செய்த விதிப்பட்டியலைப் புரட்டி, 70 வயதுக்கான வரியில் விரலை வைத்தார். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு, அட்டையை ஸ்கேன் செய்து, கையெழுத்துக்குப் பலகையைத் திருப்பினாள். அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.